தாதி ஏன் அந்தக் கேள்வியைக் கேட்கிறார்?

“நேற்று எத்தனை முறை கழிவறைக்குப் போனீர்கள்? வழக்கமாக எத்தனை முறை போவீர்கள்?”

புற்றுநோய்ச் சிகிச்சைக்கு வந்தவரிடம் தாதி இப்படிக் கேட்பார் என்று படிவம் 4 வகுப்பில் சொன்னேன். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. நீங்களும் சிரித்துவிட்டு மேலே படியுங்கள், மாணவர்களே.

நம் உடலில் உள்ள டி உயிரணுக்கள் கிருமிகளையும் கெட்டுப்போன உயிரணுக்களையும் அழிப்பவை. அவை வரம்பு மீறாதிருக்க அவற்றின் மேற்பரப்பில் பிரேக் போன்ற புரதங்கள் உண்டு. சில புற்றுநோய் உயிரணுக்கள் அந்தப் பிரேக்கை அழுத்தித் தப்பித்துவிடும். பிரேக்கை விடுவித்துப் புற்றுநோயை எதிர்க்கலாம் என்று காட்டிய அமெரிக்காவின் ஜேம்ஸ் எலிசனும் ஜப்பானின் தசுக்கு ஹோஞ்சோவும் 2018-இல் மருத்துவ நோபல் பரிசு பெற்றார்கள். பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் ஆகியவை அவ்வகை மருந்துகள்.

ஆனால், பிரேக் விடுபட்ட டி உயிரணுக்கள் சில வேளைகளில் நல்ல உறுப்புகளையும் தாக்கும். நுரையீரலைத் தாக்கினால் இருமல், தைராய்டைத் தாக்கினால் களைப்பு, பெருங்குடலைத் தாக்கினால் வயிற்றுப்போக்கு. எல்லாமே சாதாரண நோய்போல் தெரியும். நேற்றுச் சாப்பிட்ட சம்பலில் காரம் அதிகம் என்று நினைத்து, கடையில் வயிற்றுப்போக்கு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்பவர் இருப்பார். போக்கு நின்றாலும் உள்ளே அழற்சி தொடரும். முற்றினால் குடலில் துளைகூட விழலாம். மருந்து நிறுத்திப் பல மாதங்கள் கழித்தும் இது வரக்கூடும்.

அதனால்தான் அந்தக் கணக்கு. வழக்கத்தைவிட 4 முறைக்குக் குறைவாகக் கூடினால் முதல் நிலை. 4 முதல் 6 வரை கூடினால் இரண்டாம் நிலை. 7 அல்லது அதற்குமேல் என்றால் மூன்றாம் நிலை. தினமும் ஒருமுறை போகிறவர் 5 முறை போனால் அவர் இரண்டாம் நிலை. மூன்று முறை போகிறவருக்கு அதே 5 முதல் நிலைதான். தாதி இதைக் குறித்து மருத்துவரிடம் சொல்வார். தேவைப்பட்டால் மருத்துவர் அடுத்த தவணையைத் தள்ளிவைத்து, எதிர்ப்புச் சக்தியைத் தணிக்க ஸ்டீராய்டு கொடுப்பார்.

இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்ப்பது, மருந்து ஏறும்போது அருகிலிருந்து கவனிப்பது எல்லாம் தாதியின் வேலைதான். இருந்தாலும், உண்மையை வரவழைப்பதே கடினம் என்பேன். சொன்னால் சிகிச்சையை நிறுத்திவிடுவார்களோ என்று பலர் அஞ்சுவார்கள். “ஒன்றுமில்லை மிஸ்ஸி, நன்றாக இருக்கிறேன்” என்பார்கள். அப்போது தாதி, கூட வந்த பிள்ளையின் முகத்தைப் பார்ப்பார்.

அந்தப் பிள்ளை நீங்களாக இருந்தால், இரவில் அம்மா எத்தனை முறை எழுந்தார் என்று சொல்லுங்கள். மருத்துவமனையில் சிகிச்சை அட்டை கொடுத்திருந்தால், சாதாரண இருமலுக்குக் கிளினிக் போனாலும் அதை மறக்காமல் காட்டுங்கள்.