நாலு வால்வு சரியில்லை: அணு உலையில் ஒரு பழுதை எப்படி விசாரிக்கிறார்கள்?

ஒரு கேள்வியோட ஆரம்பிப்போம். ஆயிரக்கணக்கான வால்வுகள் உள்ள ஒரு அணுமின் நிலையம். உலையைத் தொடங்குவதற்கு முன் நடக்கும் சோதனையில் 4 வால்வுகள் மட்டும் எதிர்பார்த்தபடி வேலை செய்யவில்லை. நீங்கள் பொறுப்பில் இருந்தால் என்ன செய்வீர்கள்? "நாலுதானே, மாத்திட்டுப் போலாம்"னு தோணுதா?

இது கற்பனை இல்லை. மதுரையில் இருந்து நாலு வழிச்சாலையில் தெற்கே போய், நெல்லையைத் தாண்டினால் வரும் கூடங்குளத்தில் 2013 ஏப்ரலில் நடந்ததுதான். முதல் உலையின் சோதனையில் ஒரே வகையைச் சேர்ந்த 4 வால்வுகளில் குறை தெரிந்தது. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம், அதாவது ஏ.இ.ஆர்.பி., அவற்றைச் சரிசெய்து மறுபடி சோதிக்கச் சொன்னது. முடிவைப் பார்த்த பிறகுதான் அடுத்த கட்ட அனுமதி என்றது. அந்த உலையில் தொடர்வினை தொடங்கியது ஜூலை 13 அன்று.

நாலு வால்வுக்கு ஏன் இவ்வளவு கெடுபிடி? "ஒரே வகை" என்ற வார்த்தையைக் கவனியுங்கள். கூடங்குளம் உலையில் பாதுகாப்பு அமைப்புகள் 4 தனித்தனி வரிசைகளாக இருக்கின்றன. ஒன்று போனாலும் மற்றவை காப்பாற்றும் என்பது கணக்கு. ஆனால் நாலு வரிசையிலும் ஒரே குறையுள்ள பாகம் இருந்தால்? நாலும் சேர்ந்தே போகலாம். அதனால் ஒரு பழுது வந்தால், "இதே பாகம் வேற எங்கெல்லாம் இருக்கு?" என்ற கேள்வி கட்டாயம் வரும்.

ரிப்போர்ட் வந்ததும் என்ன நடக்கும்?

முதலில் நிலையமே நடந்ததை வாரியத்துக்கு எழுதித் தரணும். அது பல அடுக்குக் குழுக்களிடம் போகும். இயங்கும் நிலையங்களுக்கான குழுவுக்குச் சுருக்கமா "சார்காப்"னு பேர். கேட்கும் கேள்விகள் நேரானவை: எது உடைந்தது? ஏன் உடைந்தது? அந்த ஏனுக்குப் பின்னால் இருக்கும் ஏன் என்ன? இன்னொரு தடுப்பும் அப்போது வேலை செய்யாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? திருத்தம் செய்ததற்கு ஆதாரம் எங்கே?

பிறகு சம்பவத்துக்கு 0 முதல் 7 வரை ஐ.என்.இ.எஸ். அளவுகோலில் ஒரு எண் கிடைக்கும். மற்ற நாடுகளுக்கும் பயன்படும் பாடம் என்றால், சர்வதேச அணுசக்தி முகமை வழியாக அது பகிரப்படும்.

பாடம் போய்ச் சேராவிட்டால்?

1977 செப்டம்பர் 24. அமெரிக்காவின் டேவிஸ்-பெஸ்ஸி நிலையத்தில் அழுத்தத்தைக் குறைக்கத் திறந்த வால்வு மூடாமல் மாட்டிக்கொண்டது. தண்ணீர் போதும் என்று நினைத்த ஆபரேட்டர்கள் அவசர நீரைக் குறைத்தார்கள். உலை அப்போது குறைந்த திறனில் ஓடியதால் தப்பித்தது. உலையைத் தயாரித்த நிறுவனத்தின் பொறியாளர்களே இது ஆபத்து என்று உள்ளுக்குள் மெமோ எழுதினார்கள். அது மற்ற நிலையங்களின் ஆபரேட்டர்களுக்குப் போய்ச் சேரவில்லை. 1979 மார்ச் 28 அன்று, அதே நிறுவனம் செய்த திரீ மைல் ஐலண்ட் உலையில் அதே மாதிரி வால்வு மாட்டியது, அதே முடிவை எடுத்தார்கள். இந்த முறை எரிபொருள் உருகிவிட்டது.

நம்ம நாட்டிலும் ஒரு கதை இருக்கு. 1993 மார்ச் 31, உத்தரப் பிரதேசத்தின் நரோரா. அதிகாலையில் டர்பைனின் 2 பிளேடுகள் முறிந்தன. அதிர்வில் ஜெனரேட்டரின் ஹைட்ரஜன் கசிந்து தீப்பிடித்தது. பக்கத்துப் பக்கத்தில் போன கேபிள்கள் எரிந்து, சுமார் 17 மணி நேரம் நிலையத்துக்கு மின்சாரமே இல்லை. ஊழியர்கள் டீசலில் ஓடும் தீயணைப்பு பம்புகளை வைத்து நீராவிக் கலன்களுக்குத் தண்ணீர் அனுப்பி உலையைக் குளிர்வித்தார்கள். கதிரியக்கம் வெளியே வரவில்லை. ஆனாலும் கிடைத்த மதிப்பு 3.

அந்த வகைப் பிளேடின் வடிவமைப்பில் குறை இருக்கிறது என்ற தகவல் விபத்துக்கு முன்பே வந்திருந்தது, அதன் மேல் நடவடிக்கை எடுக்கப்படவில்லை என்று ஏ.இ.ஆர்.பி. முன்னாள் தலைவர் ஏ. கோபாலகிருஷ்ணன் பின்னாளில் எழுதினார். கேபிள் தீ பற்றிய பாடமும் புதிதல்ல. அமெரிக்காவின் பிரௌன்ஸ் ஃபெர்ரி நிலையத்தில் 1975-லேயே கேபிள்கள் எரிந்திருந்தன. பிளேடு வடிவமைப்பை மாற்றியதும், கேபிள்களைப் பிரித்துத் தீத்தடுப்பு வைத்ததும் நரோராவுக்குப் பிறகுதான்.

மூன்று கதையிலும் ரிப்போர்ட் இருந்தது. யாருக்குப் போனது, அவர் என்ன செய்தார், செய்ததை யார் சரிபார்த்தார் என்பதில்தான் வித்தியாசம்.

நாளைக்கு உங்களில் சிலர் பம்ப், வால்வு, கேபிள் செய்யும் கம்பெனியின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் உட்காருவீர்கள். நூறு பீஸில் ஒன்று டெஸ்ட்டில் ஃபெயில் ஆகும். அதை மட்டும் ஒதுக்கிவிட்டு மிச்சத்தை அனுப்பச் சொல்வார்கள். அப்போது இரண்டு கேள்வி கேளுங்கள்: இது ஏன் ஃபெயில் ஆச்சு? இதே பேட்ச் ஏற்கெனவே எங்கெல்லாம் போயிருக்கு?