ஈஸ்ட் மரபணு மாற்ற நுட்பங்களின் வளர்ச்சி: செல்லின் பழுதுநீக்க இயல்பை முன்வைத்து

சாக்கரோமைசஸ் செரிவிசியே என்னும் ரொட்டி ஈஸ்ட் மரபியலின் முதன்மைச் சோதனை உயிரிகளுள் ஒன்றாக விளங்குவதற்கு அதன் விரைவான வளர்ச்சியே காரணமெனப் பொதுவாகக் கூறுவர். நுட்பங்களின் வரலாறோ வேறொன்றையும் உணர்த்துகிறது. முறிந்த டி.என்.ஏ.வை அதற்கு ஒத்த வரிசையைக் கொண்டு சீராக்கும் இயல்பு இவ்வுயிரியிடம் மேலோங்கியுள்ளது.

1978இல் ஹின்னன், ஹிக்ஸ், ஃபிங்க் ஆகியோர், லூசின் அமினோ அமிலத்தைத் தாமே உருவாக்க இயலாத ஈஸ்ட் செல்களின் சுவரை நொதியால் நீக்கி, அக்குறையை ஈடுசெய்யும் லியூ2 மரபணுவைப் பிளாஸ்மிட் வழியே செலுத்தினர். லூசின் அற்ற ஊடகத்திலும் வளர்ந்தவை மாற்றம் பெற்றவையாகக் கொள்ளப்பட்டன. புதிய டி.என்.ஏ. குரோமோசோமிலேயே இணைந்திருந்தது. செல் சுவரை நீக்கும் கடினமான படிநிலையை 1983இல் வெளியான லித்தியம் அசிட்டேட் முறை தவிர்த்தது.

இவற்றினும் முக்கியமானது, பலரும் விரைந்து கடந்துவிடும் 1981ஆம் ஆண்டு ஆய்வாகும். பிளாஸ்மிட்டில் உள்ள ஈஸ்ட் வரிசையை வெட்டிச் செலுத்தினால், வெட்டுமுனைகள் குரோமோசோமில் தமக்கு ஒத்த இடத்தை நாடிச் சென்று இணைவதையும், மாற்றம் பெறும் செல்கள் பன்மடங்கு பெருகுவதையும் ஆர்-வீவர், சோஸ்டாக், ராத்ஸ்டீன் ஆகியோர் காட்டினர். எந்த இடத்தில் மாற்றம் நிகழவேண்டும் என்பதை ஆய்வாளரே தீர்மானிக்க இதனால் வழி பிறந்தது. 1983இல் ராத்ஸ்டீன் ஒரே படியில் மரபணுவைச் சிதைக்கும் முறையை வகுத்தார். 1996இல் ஏறத்தாழ 1.2 கோடி கார இணைகள் கொண்ட மரபுத்தொகுதி முழுமையாக வெளியானபின், சுமார் 45 கார இணைகள் அளவிலான ஒத்த வரிசையே போதுமானதாயிற்று. அதன் துணையால், மரபணுக்களை ஒவ்வொன்றாக நீக்கிய செல்வகைகளின் தொகுப்பு 2002க்குள் ஏறக்குறைய நிறைவுற்றது.

2013இல் ஈஸ்ட்டுக்கு வந்த கிரிஸ்பர் இவ்வரிசையின் தொடர்ச்சியே. முற்றிலும் புதிய தொடக்கம் எனல் மிகையாகும். காஸ்9 நொதி குரோமோசோமை வெட்டுவதோடு நின்றுவிடுகிறது. உடன் தரப்படும் வார்ப்பு டி.என்.ஏ.வைக் கொண்டு சீராக்குவது செல்லே. சீராக்காத செல்கள் பெரும்பாலும் மடிவதால் அடையாள மரபணுவின் தேவையும் குறைகிறது.

இவ்வெளிமையை ஈஸ்ட் இனங்கள் அனைத்திற்கும் பொதுவெனக் கொள்ளலாகாது. மருந்துப் புரத உற்பத்தியில் பயன்படும் பிச்சியா, வார்ப்பின்றி முனைகளை நேரே ஒட்டும் வழியையே மிகுதியும் நாடுகிறது. எனவே அங்கு அவ்வழிக்குரிய கேயூ70 மரபணுவை முதலில் நீக்கிவிட்டு, அதன்பின் விரும்பிய மாற்றத்தைச் செய்யும் முறை கையாளப்படுகிறது.