சம்மணம் போட முடியவில்லையா?

"டாக்டர், ஆறு வாரத்துல பொண்ணுக்குக் கல்யாணம். மணையில உட்கார்ந்து தாரை வார்க்கணும். எனக்குக் கீழே உட்காரவே வராது. நல்ல தைலமா ஒண்ணு கொடுங்க!"

வந்தவருக்கு வயது 58. வங்கி உத்தியோகம். ஆபீஸில் நாற்காலி, வீட்டில் சோபா, டைனிங் டேபிள். தரையில் உட்கார்ந்து பல வருஷமாகிறது. எக்ஸ்ரேயில் மூட்டுக்குப் பழுதில்லை.

"தைலம் தர்றேன் சார். ஆனா பாதிக்கு மேல வேலை உங்க கையிலதான் இருக்கு" என்றேன்.

சித்த மருத்துவத்தின் தொக்கண முறைகள் ஒன்பது. அதில் ஒன்று 'இழுத்தல்'. இதை ஓரளவு நாமே செய்துகொள்ளலாம்.

தசை ஏன் முரண்டு பிடிக்கிறது?

தசைக்குள் நுண்ணிய உணர்விழைகள் உண்டு. வெடுக்கென்று இழுத்தால் அவை தண்டுவடத்துக்குச் சேதி அனுப்பும். உடனே தசை சுருங்கிக்கொள்ளும். அதனால்தான் குலுக்கிக் குலுக்கிக் குனியக் கூடாது. மெதுவாக இழுத்து அப்படியே நிறுத்துங்கள். முதல் சில வாரங்களில் தசை நீள்வதைவிட, இழுப்பைப் பொறுத்துக்கொள்ள நரம்பு பழகுவதே அதிகம்.

எவ்வளவு நேரம்? 1994-ல் பேண்டி, ஐரியன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் தொடையின் பின்தசையை 15, 30, 60 விநாடி எனப் பிரித்து, வாரம் ஐந்து நாள், ஆறு வாரம் இழுக்கச் செய்தார்கள். 15 போதவில்லை. 30-க்கும் 60-க்கும் பலன் ஒன்றுதான்!

செய்வது எப்படி?

* ஐந்து நிமிடம் நடந்து உடம்பைச் சூடாக்குங்கள்.
* சுவரில் சாய்ந்து, தலையணை மேல் உட்கார்ந்து, இரு பாதங்களையும் ஒட்டவைத்து, முழங்கால்களைப் பக்கவாட்டில் தளரவிடுங்கள். கையால் அமுக்காதீர்கள்.
* ஒரு காலை நீட்டி, முதுகு வளையாமல் முன்னே சாயுங்கள். மறு காலுக்கும் அப்படியே.
* ஒவ்வொன்றும் 30 விநாடி. மூச்சை அடக்காதீர்கள்.

இழுப்பு தெரியலாம், சுரீரென்ற வலி கூடாது. மூட்டு வீக்கம், காலுக்கு இறங்கும் முதுகுவலி, மூட்டு மாற்று சிகிச்சை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் செய்ய வேண்டாம்.

கல்யாணம் முடிந்து வந்தார் மனிதர். மடித்த துண்டு ஒன்றைப் போட்டு மணையில் உட்கார்ந்தாராம். முகமெல்லாம் சிரிப்பு.

"இனிமே நிறுத்திடலாமா டாக்டர்?"

"நிறுத்தினா மறுபடி இறுகிடும் சார். நாளைக்குப் பேரனோட தரையில உட்கார்ந்து விளையாட வேண்டாமா?" என்றேன்.