கங்காணியும் தலைவரும்: தோட்டத் தொழிற்றலத்திலே தலைமை உருவாகும் முறைமை பற்றிச் சில குறிப்புகள்

தொழிற்றலங்களிலே ஊழியரை வளர்த்தெடுத்தல், அவர்களிடையேயிருந்து தலைவர்களை உருவாக்குதல் என்பன முகாமைத்துவக் கல்வியாளர் பெரிதும் விரும்பிப் பேசும் விடயங்களாக இன்று விளங்குகின்றன. மனிதவள அபிவிருத்தி, தலைமைத்துவப் பயிற்சி முதலாய தொடர்கள் அரச திணைக்களங்களிலும் வங்கிகளிலும் தோட்டக் கம்பனிகளிலும் ஒரே தொனியில் ஒலிக்கின்றன. இவற்றைக் கேட்கும்போது, தலைமை என்பது வகுப்பறையிலே இரண்டொரு நாட்களில் ஊட்டத்தக்க ஒரு குணமென்றும், எவர்க்கும் பொதுவான, வர்க்கச் சார்பற்ற ஓர் ஆற்றலென்றும் எண்ணத் தோன்றும். வரலாறு அவ்வாறு கூறவில்லை. எவர் எவரைத் தலைவராக்குகின்றனர், எதன் பொருட்டு ஆக்குகின்றனர் என்ற வினாக்களை எழுப்பாது இவ்விடயத்தை ஆராய்தல் இயலாது. ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுக் கால மலையகத் தோட்ட வரலாற்றினை ஆதாரமாகக் கொண்டு இவ்வினாக்களை இங்கு நோக்குவோம். இலக்கிய மாணவர்களுக்கு இதில் என்ன அக்கறை என்று சிலர் வினவக்கூடும். தோட்ட அறிக்கைகள் கூறாது விட்ட பலவற்றை நாட்டார் பாடல்களும் நாவல்களுமே எமக்குக் கூறியுள்ளன என்பதே அதற்கு விடை.

பலர் கூடி உழைக்குமிடத்து ஒருங்கிணைப்பு வேண்டப்படும். மூலதனத்தின் முதலாவது தொகுதியிலே, கூட்டுழைப்புப் பற்றிய அத்தியாயத்தில், வாத்தியக் குழுவை நெறிப்படுத்துபவரை மார்க்ஸ் இதற்கு உவமையாகக் காட்டுகின்றார். ஆனால் அவர் அவ்வளவில் நின்றுவிடவில்லை. முதலாளித்துவ உற்பத்தியில் இந்நெறிப்படுத்தல் இரட்டைத் தன்மையுடையது. ஒருபுறம் அது வேலையைச் சேர்த்திணைக்கின்றது, மறுபுறம் உழைப்பைச் சுரண்டும் கருவியாகின்றது. படைக்கு அதிகாரிகளும் சார்ஜன்ட்மாரும் வேண்டப்படுவது போலவே மூலதனத்துக்கும் அவர்கள் வேண்டப்படுகின்றனர். இவ்விரண்டு பணிகளையும் வேறுபிரித்தறியாமையே இன்றைய பயிற்சி நூல்களின் அடிப்படைக் குறைபாடு என்பது எமது கருத்து.

மலையகத்தில் அந்தச் சார்ஜன்ட் பதவியை வகித்தவர் கங்காணி. 'கண்காணி' என்ற சொல்லின் திரிபே இது. சோழர்காலக் கோயிற் கல்வெட்டுக்களிலும் கண்காணி என்ற பதவிப் பெயர் வருதல் கவனிக்கத்தக்கது. மேற்பார்வை செய்பவனைக் குறித்த பழைய சொல்லொன்றைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கோப்பித் தோட்டம் தனக்குரியதாக்கிக் கொண்டது. ஆயினும் தோட்டக் கங்காணி வெறும் மேற்பார்வையாளன் அல்லன். தனது ஊரிலும் அயலூர்களிலும் முன்பணம் கொடுத்து ஆட்களைத் திரட்டி, மன்னார் வழியாக நடத்தி வந்து, துரையிடம் ஒப்படைத்து, பின் அவர்களுக்கே மேலாளாகவும் கடன்கொடுத்தவனாகவும் இருந்தவன். திரட்டப்பட்டோரிற் பலர் அவனுடைய உறவினர், சாதியினர், ஊரவர். ஆகவே மாமன், சித்தப்பன் என்ற உறவுமுறை விளிகளினூடாகவே தொழிலொழுங்கு நிலைநாட்டப்பட்டது. பெரிய கங்காணியின் கீழே சில்லறைக் கங்காணிகள் பலர் இருந்தனர். வேலைக்கு இறங்கிய ஒவ்வோர் ஆளுக்கும் நாள்வீதம் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. காய்ச்சலிற் கிடந்தவனையும் பெரட்டுக்கு இழுத்து வந்தமைக்குக் காரணம் கொடூர மனம் மட்டுமன்று. அவ்வாளின் தலைமீது கங்காணிக்கு ஒரு வருமானம் இருந்தது.

தோட்டத்துரைமார் தமிழ் கற்றனர். சிலர் நன்றாகவே கற்றனர். எனினும் ஆயிரம் பேரை ஒரு துரை ஆள்வதற்கு மொழியறிவு மட்டும் போதாது. அவர்களுக்குள்ளேயே உள்ள செல்வாக்கினைக் கண்டுபிடித்து, அதற்குக் கூலி கொடுத்து, தன்வயப்படுத்துதல் வேண்டும். இன்றைய முகாமைத்துவ நூல்கள் ஊழியரிடையே உள்ள 'இயல்பான தலைவர்களை' இனங்காணுமாறு கூறுகின்றன. கோப்பித் துரைமார் அந்நூல்களைப் படிக்காமலே அதனைச் செய்து முடித்தனர்.

கடனே இவ்வமைப்பின் முதுகெலும்பு. துண்டு முறை என வழங்கிய ஏற்பாட்டின்படி, தொழிலாளியின் கடன் தீர்க்கப்படும் என்ற சீட்டின்றி அவனை வேறொரு தோட்டம் ஏற்காது. புதிய தோட்டத்துரை பழைய கடனைக் கொடுத்து ஆட்களைப் பெற்றுக்கொள்வார். அக்கடன் மீண்டும் ஆட்களின் பெயரிலேயே எழுதப்படும். 1904 இல் திருச்சிராப்பள்ளியில் நிறுவப்பட்ட இலங்கைத் தொழில் ஆணையகம் ஆட்சேர்ப்பினை ஒழுங்குபடுத்த முற்பட்டது. 1921 ஆம் ஆண்டுச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. 1927 இற் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. கங்காணியின் பொருளாதார அடித்தளம் இவ்வாறு படிப்படியாக அரிக்கப்பட்டது. ஆயின் அவனது சமூக அதிகாரம் சட்டத்தோடு சேர்ந்து மறைந்துவிடவில்லை.

நாட்டார் பாடல்கள் இவ்விடத்தில் எமக்குத் துணைபுரிகின்றன. சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலைநாட்டுப் பாடல்களிலும் பிறர் தொகுத்தவற்றிலும் கங்காணி இருவேறு முகங்களோடு தோன்றுகின்றான். அழைத்து வந்தவன் என்ற முறையில் அவனிடம் உரிமையோடு முறையிடும் குரலுண்டு; ஏமாற்றியவன் என்ற முறையில் ஏசும் குரலும் உண்டு. பாடியோரிற் பெரும்பாலோர் பெண்கள். அதிகாரத்தின் முன் வாய்திறக்க முடியாதவர்கள், கொழுந்தெடுக்கும்போதும் தாலாட்டும்போதும் தமது தீர்ப்பை வழங்கினர். இதனை எதிர்ப்பின் முழுமையான வடிவமாகக் கொள்ளுதல் மிகைக் கூற்றாகும். நாட்டார் பாடல்களிற் புரட்சியைத் தேடும் நண்பர்கள் சிலர் இதில் எம்முடன் முரண்படுவர் என்பதை அறிவோம்.

கங்காணிக்கு மாற்றான தலைமை எவ்வாறு எழுந்தது? கோ. நடேசய்யரின் பணி இங்கு முதன்மையானது. தஞ்சாவூரிலிருந்து வந்த அவர், பத்திரிகையாளராகவும் சட்டசபை உறுப்பினராகவும் இயங்கி, 1931 இலே தோட்டத் தொழிலாளருக்கெனச் சம்மேளனம் ஒன்றினை நிறுவினார். துண்டுப் பிரசுரமும் மேடைப் பேச்சும் பாட்டும் அவருடைய கருவிகள். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மையின் பாடல்கள் கூட்டங்களிற் பாடப்பட்டன. 1940 இல் நூலாகவும் வெளிவந்தன. எழுத்தறிவு மறுக்கப்பட்ட மக்களிடையே பாட்டே பாடநூலாயிற்று. கங்காணியையும் துரையையும் ஒருங்கே எதிர்த்து அவர் இயங்கியமை அக்காலத்திலே சிறு துணிவன்று.

எனினும் நடேசய்யர் வெளியிலிருந்து வந்தவர். தொழிற்றலத்திற்குள்ளிருந்தே தலைமை எழுந்தமைக்கு 1940 ஆம் ஆண்டே தெளிந்த சான்று. அவ்வாண்டு ஜனவரியில் முல்லோயாத் தோட்டப் போராட்டத்தின்போது பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டிற் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிரிழந்தார். மே மாதத்திலே பதுளைப் பகுதியைச் சேர்ந்த வேவெஸ்ஸ தோட்டத்திலே, தொழிலாளர் தம்மிடையே ஒரு குழுவினைத் தேர்ந்தெடுத்தனர். அக்குழுவுடன் கலந்து செயற்படத் துரை உடன்பட நேர்ந்தது. சமசமாஜக் கட்சியினரின் பங்கு இதில் இருந்ததெனினும், பெரட்டுக் களத்திலே நாள்தோறும் நின்றோர் தோட்டத்து மக்களே. 1919, 1920 ஆம் ஆண்டுகளில் தூரின் நகரத் தொழிற்சாலைக் குழுக்களைப் பற்றி எழுதிய கிராம்சி, உற்பத்தியை நெறிப்படுத்தும் தகுதியைத் தொழிலாளர் அக்குழுக்களிலேயே பயில்கின்றனர் என்று கருதினார். வேவெஸ்ஸத் தொழிலாளர் கிராம்சியின் பெயரையே கேட்டறியாதவர்கள்; ஆயினும் அவர்கள் பயின்றது அந்தப் பாடத்தையே. அது சில வாரங்களுக்கு மேல் நீடிக்கவில்லை.

சங்கம் அமைப்பதற்கு மனவுறுதி மட்டும் போதாதிருந்தது. தோட்டத்திலே தொழிலும் லயத்து அறையும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டவை. பற்றுச்சீட்டுக் கொடுக்கப்பட்டவன் வேலையோடு வீட்டையும் இழந்தான். சி. வி. வேலுப்பிள்ளையின் 'வீடற்றவன்' நாவலின் தலைப்பே இவ்வுண்மையைச் சுட்டுகின்றது. சி. வி. தாமே 1947 இற் தலவாக்கொல்லைத் தொகுதியிற் பாராளுமன்றத்துக்குத் தெரிவானவர். தொழிற்சங்கத்திலே வாழ்நாளைக் கழித்தவர். அவரது எழுத்தை வெறும் அனுதாப இலக்கியமாகக் கொள்வது தவறு.

தலைவர் என்ற சொல் தோட்டத்தில் இப்போது ஒரு பதவிப் பெயர். சங்கத்தின் தோட்டக் கமிட்டிக்குத் தெரிவு செய்யப்படுபவர் அவர். பேர் குறைக்கப்பட்டால், கைக்காசு தவறினால், கூரைத் தகரம் பறந்தால், மரணம் நிகழ்ந்தால் அவரிடமே செல்வர். இப்பதவி கங்காணிப் பதவியின் எதிர்நிலையாகப் பிறந்தது. காலப்போக்கில் அதன் சாயலையும் ஏற்றது. இதற்குக் காரணங்கள் பல. 1939 இல் தோன்றிய இலங்கை இந்தியர் காங்கிரசின் மேல்மட்டத்திலே வணிகரும் பெரிய கங்காணிக் குடும்பத்தினரும் இடம்பெற்றிருந்தனர். சௌமியமூர்த்தி தொண்டமானின் தந்தையார் கங்காணியாக இருந்து வேவண்டன் தோட்டத்தின் உடைமையாளரானவர் என்பது யாவரும் அறிந்ததே. 1948 இன் பிரசாவுரிமைச் சட்டம் மக்களின் அரசியற் குரலைப் பறித்தபோது, சங்கமே அவர்களுக்கு எஞ்சிய ஒரே நிறுவனமாயிற்று. அந்நிலையில் தலைமையை விமர்சித்தல் துரோகமாகவும் தோன்றியது. இவற்றை எல்லாரும் எழுதியுள்ளனர். அதிகம் எழுதப்படாத காரணம் ஒன்றுண்டு. சந்தாப்பணம் செக்றோலிலிருந்தே கழிக்கப்பட்டு நேரே சங்கத் தலைமையகத்துக்குச் செல்லும் முறை வந்த பின்னர், தலைவர் மாதந்தோறும் லயம் லயமாகச் சென்று சந்தா கேட்கவேண்டிய தேவை ஒழிந்தது. சந்தா கேட்கச் சென்றபோது அவர் திட்டு வாங்கினார்; கணக்குக் கேட்கப்பட்டார்; குறை கேட்டுத் திரும்பினார். அந்தத் திட்டே அவரை வளர்த்த பள்ளி. நிதி வலுப்பெற்றது, பள்ளி மூடப்பட்டது. அம்முறை இல்லாதிருந்தால் பல சங்கங்கள் நிலைத்திரா என்பதையும் நேர்மையோடு ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களின் பின் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1979 இல் தேசிய பெருந்தோட்ட முகாமைத்துவ நிறுவனம் சட்டத்தின்மூலம் அமைக்கப்பட்டது. 1992 இல் முகாமை மீண்டும் 22 பிராந்தியக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. உத்தியோகத்தருக்கும் கங்காணிகளுக்குமான பயிற்சிகள் பெருகின. இவற்றை முற்றாக நிராகரிப்பது எமது நோக்கமன்று. கிருமிநாசினியைப் பாதுகாப்பாகக் கையாளக் கற்ற கங்காணியால் தெளிப்பவனின் நுரையீரல் காப்பாற்றப்படலாம். ஆனால் பயிற்சிக்கு எவர் தெரிவு செய்யப்படுகின்றார், எவர் ஒருபோதும் தெரிவு செய்யப்படுவதில்லை என்று பார்க்கும்போதே பிரச்சினை வெளிப்படும்.

கொழுந்தெடுக்கும் பெண்ணின் திறனை எடுத்துக்கொள்வோம். இரண்டிலையும் மொட்டுமாகக் கிள்ளவேண்டும்; வளர்ச்சி நின்ற தளிரைக் களைந்தெறியவேண்டும்; அடுத்த சுற்றுக்குரிய அரும்பை விட்டுவைக்கவேண்டும்; மட்டக்கம்பின் உயரத்துக்கு மேல் எழுந்தவற்றையே எடுக்கவேண்டும். இரு கைகளும் தனித்தனியே இயங்க, கண் அடுத்த செடிக்குச் சென்றிருக்கும். செங்குத்தான மலையில், மழையிலும் அட்டையிலும், முதுகிற் கூடையோடு இவை நிகழ்கின்றன. இதனை அவளுக்குக் கற்பித்தவர் தாய் அல்லது அத்தை. எந்த நிறுவனமும் அக்கற்பித்தலுக்குச் சம்பளமோ சான்றிதழோ வழங்கவில்லை. 1939 இல் இந்திய அரசு இலங்கைக்கு ஆட்கள் செல்வதைத் தடைசெய்தபோது, தடைக்குட்பட்டோரைத் 'தேர்ச்சியற்ற தொழிலாளர்' என்றே குறித்தது. தேர்ச்சி என்பது உழைப்பின் இயல்பினால் அன்றி, உழைப்பவரின் வர்க்கத்தாலும் பாலாலும் தீர்மானிக்கப்படும் ஒரு பெயரீடு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. 1984 வரையில் தோட்டத்துப் பெண்ணின் நாட்கூலி ஆணினதைவிடக் குறைவாகவே இருந்தது.

கொழுந்து மலையில் வேலை செய்வோர் பெண்கள்; அவர்களை மேற்பார்வை செய்வோர் நெடுங்காலமாக ஆண்கள். அண்மைக் காலத்திற் சில கம்பனிகள் பெண்களையும் கங்காணிகளாக நியமித்துள்ளன. இது முன்னேற்றமே. ஆனால் அப்பெண்ணிடம் எதிர்பார்க்கப்படும் பணி மாறவில்லை: நிறையைக் கூட்டுதல். 2021 இற் சம்பளச் சபையினூடாக நாட்சம்பளம் 1000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டு, கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகியதைத் தொடர்ந்து, ஒரு முழுப்பேருக்கு 16 கிலோவா, 18 கிலோவா, 20 கிலோவா என்ற பிணக்குத் தோட்டந்தோறும் எழுந்தது. குறைந்தால் அரைப்பேர். இப்பிணக்கின் முன்னணியிலே புதிதாக நியமனம் பெற்ற பெண் கங்காணி நிறுத்தப்படும்போது, தன் அயல் லயத்தவளுக்கே அவள் அரைப்பேர் எழுத நேர்கின்றது. அவளுடைய தாயிடம் கற்ற திறனும் பயிற்சியிற் கற்ற மொழியும் அவ்விடத்தில் ஒன்றையொன்று எதிர்த்து நிற்கின்றன.

தராசடி இவ்வகையில் மிக முக்கியமான களமாகும். நீருக்கென்றும் சாக்குக்கென்றும் கழிவு பிடிக்கப்படும் இடம் அது. கழிவு எவ்வளவு என்பதைப் பார்த்து, மனத்திற் குறித்து, மூன்று வேளை நிறையையும் மாலையிற் கூட்டி, துண்டிலுள்ள எண்ணோடு ஒப்பிடும் பெண்கள் ஒவ்வொரு மலையிலும் உள்ளனர். பிற பெண்கள் அவர்களைக் கேட்டே தமது கணக்கைச் சரிபார்க்கின்றனர். கம்பனியின் பதிவேட்டில் அவர்கள் கொழுந்தெடுப்போர் மட்டுமே. சங்கத்திலும் அவர்களிற் சிலருக்கு மாதர் சங்கத் தலைவி என்ற தனிப்பதவி உண்டு. தோட்டத் தலைவராகத் தெரிவாவோர் மிகச் சிலர். இதற்குப் பெண்களின் கூச்சம் காரணமெனப் பலர் கூறுவர். நாம் கண்ட அளவில் காரணம் வேறு. தோட்டக் கந்தோரிலே துரையோடு பேச்சு நடப்பது பெரும்பாலும் வேலை முடிந்த பின், மாலையில். அந்நேரத்தில் ஆண்கள் கந்தோர் வாசலிற் கூடுகின்றனர். பெண்கள் தண்ணீர்ப் பீலியடியிலும் பிள்ளைக் காம்பராவிலும் அடுப்படியிலும் நிற்கின்றனர். கழிவு எத்தனை கிலோ என்பதைச் சரியாக அறிந்தவர்கள் அவர்களே.