மைனஸ் ஒன்று போய்…

சி மொழியில் பைனரி கோப்பு படித்தவர்களுக்கு எஃப்ரீட் நினைவிருக்கும். 16 பைட் கேட்டால் 9 என்று பதில் வரும். கோப்பு தீர்ந்துவிட்டதா, டிஸ்க்கில் கோளாறா என்பது அந்த 9-இல் தெரியாது. எஃப்இஓஎஃப், எஃப்எரர் என்று வேறு இரண்டு ஃபங்ஷன்களைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். எத்தனை பேர் கேட்டார்கள்! அதன் மேல் எழுந்த லைப்ரரிகள் பலவும் எது கெட்டாலும் மைனஸ் 1-ஐ நீட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டன. நீளம் பொய்யா, எழுத்துகள் யூடிஎஃப்-8 இல்லையா, எல்லாவற்றுக்கும் அதே மைனஸ் 1.

வந்த பைட்டை அப்படியே நம்புவதும் அந்தக் காலத்துப் பழக்கம்தான். ஆம்-இல்லை சொல்லும் இடத்தில் 7 கிடந்தால், பூஜ்யமில்லாததெல்லாம் 'ஆம்' என்று சி எடுத்துக்கொள்ளும். நீளத்தை நம்பினால் என்ன ஆகும் என்பதை 2014-இல் ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரியின் ஹார்ட்பிளீட் ஓட்டை காட்டியது. அனுப்பியவர் சொன்ன நீளத்தை, உண்மையில் வந்த பைட்டுகளோடு ஒப்பிடாமல் விட்டதால், ஒவ்வொரு கோரிக்கைக்கும் 64 கிலோபைட் வரை சர்வரின் நினைவகம் வெளியே போனது.

இன்று ரஸ்ட் மொழியின் பின்கோட் லைப்ரரியைப் பாருங்கள் (தபால்காரர் கேட்பது அல்ல, இது வேறு). இரண்டாம் பதிப்பில் டீகோட்எரர் என்ற ஒரே எனம் (enum) டைப்புக்குள் ஒவ்வொரு கோளாறுக்கும் தனிப்பெயர். அந்த 7-க்கு இன்வேலிட்பூலியன்வேல்யூ. கையில் 7-ஐயும் பிடித்துக்கொண்டு வரும். தெரியாத வேரியண்ட் எண் வந்தால் எந்த டைப், எவை செல்லும், கிடைத்தது எது என மூன்றையும் சொல்லும். வரம்பு மீறிய அளவுக்கு லிமிட்எக்ஸீடட். பாதியில் பைட் தீர்ந்தால் அன்எக்ஸ்பெக்டட்எண்ட், இன்னும் எத்தனை பைட் வேண்டும் என்ற உத்தேசக் கணக்கோடு. உத்தேசம்தான், அப்போது படிக்கும் துண்டுக்கு மட்டுமே அது பொருந்தும் என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது.

இதில் பெரிய லாபம் அழகான பெயர்கள் அல்ல. நெட்வொர்க்கில் பைட் குறைந்தால் காத்திருக்கலாம். பைட்டே தவறென்றால் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். இரண்டும் வேறு வேறு வேலை, மைனஸ் 1-ஐ வைத்துக்கொண்டு எதைச் செய்வது? கோ மொழியும் ஒரு பைட்கூட வராமல் முடிவதை ஈஓஎஃப் என்றும், பாதியில் அறுவதை அன்எக்ஸ்பெக்டட்ஈஓஎஃப் என்றும் பிரித்தே வைத்திருக்கிறது.

ஒரு குறை மட்டும் பல லைப்ரரிகளில் இன்னும் தீரவில்லை. என்ன தவறு என்று சொல்கிறார்கள், எங்கே என்று சொல்வதில்லை. 40 எம்பி கோப்பில் எங்கோ ஒரு 7 இருக்கிறது என்றால் அதைத் தேடுபவர் கதி? புதிதாக லைப்ரரி எழுதுகிறவர்களே, உங்கள் எரர் டைப்பில் எத்தனையாவது பைட் என்பதற்கும் ஓர் இடம் ஒதுக்குங்கள்.