மாறா வேகச் சுழலியும் பயணநிலைப் பொறி வேகமும்

பயணநிலைப் பொறி வேகம் என்பது, பிஸ்டன் பொறியும் மாறா வேகச் சுழலியும் கொண்ட சிறிய வானூர்தி மட்டமாகப் பறக்கும்போது விமானி தேர்ந்தெடுக்கும் பொறிச் சுழற்சி வேகம் ஆகும். நிமிடத்துக்கு இத்தனை சுற்றுகள் என இது அளக்கப்படுகிறது. ஒரே திறனைப் பல வேகங்களில் பெற முடியும் என்பதால், எரிபொருள் செலவு, பறக்கக்கூடிய தொலைவு, இரைச்சல், பொறியின் தேய்மானம் ஆகியவை இத்தேர்வைப் பொறுத்து மாறுகின்றன.

செயற்பாடு

நிலையான கோணமுள்ள சுழலியில் விமானியிடம் இருப்பது த்ராட்டில் மட்டுமே. அதைத் தள்ளினால் திறனும் வேகமும் சேர்ந்தே கூடும். மாறா வேகச் சுழலிக்கு நீல நிறப் பிடியுள்ள இன்னொரு நெம்புகோல் உண்டு. அதில் ஒரு வேகத்தைக் குறித்துவிட்டால், கவர்னர் என்னும் கருவி எண்ணெய் அழுத்தத்தின் உதவியால் அலகுகளின் கோணத்தை மாற்றி அந்த வேகத்தைக் காத்துவரும். இப்போது த்ராட்டில் கட்டுப்படுத்துவது உள்ளெடுப்புக் குழலின் அழுத்தத்தை. இதை அங்குலப் பாதரச அளவில் ஒரு மானி காட்டும். திறன் ஏறத்தாழ இந்த அழுத்தத்தையும் சுழற்சி வேகத்தையும் சேர்த்தே அமைகிறது. பல பொறிகளில் 100 சுற்றுகளைக் குறைத்து 1 அங்குலம் அழுத்தத்தைக் கூட்டினால் திறன் பெரிதும் மாறாது.

குறைந்த வேகத்தின் பயன்

பிஸ்டன், தாங்கிகள், வால்வு இயக்கம் ஆகியவற்றின் உராய்வில் வீணாகும் ஆற்றல், சுழற்சி வேகம் கூடக்கூட அதைவிட விரைவாகப் பெருகும். எனவே ஒரே திறனுக்கு, மெதுவாகச் சுழன்று ஒவ்வொரு சுற்றிலும் மிகுதியாக உழைக்கும் பொறியே பொதுவாகச் சிக்கனமானது.

அலகு முனையின் வேகமும் கவனிக்கத்தக்கது. 76 அங்குல விட்டமுள்ள சுழலி நிமிடத்துக்கு 2,700 முறை சுழலும்போது அதன் முனை நொடிக்கு ஏறத்தாழ 273 மீட்டர் வேகத்தில் சுற்றுகிறது. வானூர்தியின் முன்னோக்கிய வேகத்தையும் சேர்த்தால் அது ஒலிவேகத்தின் ஐந்தில் நான்கு பங்கைத் தாண்டிவிடும். 2,300 சுற்றுகளில் முனையின் வேகம் நொடிக்கு 232 மீட்டராகக் குறைகிறது. சிறிய வானூர்தியின் இரைச்சலில் பெரும்பகுதி பொறியிலிருந்து அன்று, சுழலி முனையிலிருந்தே எழுவதால், இந்த வேறுபாட்டைத் தரையில் நிற்பவரும் உணரலாம்.

பழைய விதி

அழுத்தத்தின் அங்குல எண், சுழற்சி வேகத்தின் நூறுகளைத் தாண்டக்கூடாது என்று பல பயிற்சிக்கூடங்களில் கற்பிக்கப்பட்டு வந்தது. அதாவது 2,300 சுற்றுகளுக்கு 23 அங்குலமே எல்லை. புதியவர் பிழை செய்யாதிருக்க இது உதவலாம்; இயற்பியல் அடிப்படை இதற்கு இல்லை. அழுத்தத்தை ஹெக்டோபாஸ்கலில் அளந்திருந்தால் இரண்டு எண்களும் ஒத்துப்போகும் தற்செயலே நேர்ந்திராது. கடல்மட்ட ஓடுதளத்திலிருந்து 2,700 சுற்றுகளுடன் எழும்பும் வானூர்தியில் அழுத்தம் 28 அல்லது 29 அங்குலம் இருக்கும். விதியைச் சொல்லித்தருபவரும் ஒவ்வொரு புறப்பாட்டிலும் அதை மீறியே எழுகிறார்.

உண்மையான எல்லை வேறு. வேகத்தை மிகவும் தாழ்த்தி அழுத்தத்தை மிகவும் உயர்த்தினால் உருளைக்குள் அழுத்தமும் வெப்பமும் ஏறி, எரிகலவை தானே வெடித்து எரியும் நிலை ஏற்படலாம். இது சில நிமிடங்களிலேயே பிஸ்டனைச் சிதைக்கக்கூடும். எந்த வேகத்துக்கு எவ்வளவு அழுத்தம் பாதுகாப்பானது என்பதை அந்தந்தப் பொறியின் கையேடு வரையறுக்கிறது. அந்த அட்டவணையில் உள்ள இணைகளுக்குள் தேர்ந்தெடுப்பதே முறை.

இதே அச்சம் 1944இல் நியூகினியில் இருந்த அமெரிக்கப் போர் விமானிகளிடமும் காணப்பட்டது. அட்லாண்டிக்கைத் தனியாகக் கடந்த சார்ல்சு லின்ட்பெர்க், பி-38 விமானங்களை 1,600 சுற்றுகள் அளவில், உயர்ந்த அழுத்தத்துடனும் மெலிந்த கலவையுடனும் ஓட்டச் சொன்னபோது, பொறிகள் கெட்டுவிடும் என்று பலர் தயங்கினர். ஆனால் அவருடைய விமானம் திரும்பும்போது மற்றவற்றைவிடக் கூடுதல் எரிபொருள் மிஞ்சியிருந்தது. பரந்த கடலின்மேல் பறந்தவர்களுக்கு அந்த மீதி, தளத்துக்குத் திரும்புவதா கடலில் இறங்குவதா என்பதைத் தீர்மானிக்கும் அளவாக இருந்தது.

உயரமும் விலக்குகளும்

டர்போ இல்லாத பொறியில் ஒவ்வொரு 1,000 அடி ஏற்றத்துக்கும் அழுத்தம் ஏறத்தாழ 1 அங்குலம் குறையும். 8,000 அடியில் த்ராட்டிலை முழுதும் திறந்தாலும் சுமார் 22 அங்குலமே கிடைக்கும். அங்கே 2,100 சுற்றுகளில் பறந்தால் எரிபொருள் மிஞ்சும், ஆனால் வேகம் குறையும். 65 விழுக்காட்டுத் திறன் வேண்டுமென்றால் வேகத்தை 2,400 அல்லது அதற்கு மேலும் உயர்த்த வேண்டியிருக்கலாம். தாழப் பறக்கையில்தான் தேர்வுக்கு இடம் அதிகம்.

சில பொறி–சுழலி இணைகளில் அதிர்வு காரணமாகத் தடைசெய்யப்பட்ட வேகப்பகுதி உண்டு. 200 குதிரைத்திறன் பைப்பர் ஆரோவின் சில வகைகளில் 2,100 முதல் 2,350 சுற்றுகள் வரை தொடர்ந்து ஓட்டக்கூடாது. அந்த வட்டத்துக்குள் சிக்கனம் தேடுவது அலகில் உலோகச் சோர்வை வரவழைக்கும் செயல். புதிதாகவோ பழுதுபார்த்தோ பூட்டிய பொறிக்கும், பிஸ்டன் வளையங்கள் நன்கு படியும் வரை, உயர் திறனே பரிந்துரைக்கப்படுகிறது.