சிவப்பு வெங்காயத்துக்குள் இருக்கும் நிறம்

ஹாலிஎலையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் கொழுந்துக்குப் போகும் அம்மாமாரின் சாப்பாட்டுப் பொட்டலத்தில் அநேகமாகக் கோதுமை மா ரொட்டியும் வெங்காயச் சம்பலும்தான் இருக்கும். அந்த வெங்காயத்துக்குச் சிவப்பைக் கொடுப்பது அந்தோசயனின் என்ற நிறமி. நாவற்பழத்தின் ஊதாவும் சிவப்புக் கோவாவின் நிறமும் இதே குடும்பம்தான். இந்த நிறமிக்கும் நாடியில் படியும் கொழுப்புக்கும் ஒரு தொடர்பு உண்டு.

விழுங்கும் குழியங்கள்

குருதியில் எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்திரோல் கூடினால், அது நாடிச் சுவருக்குள் புகுந்து ஒட்சியேற்றம் அடைந்து கெடுகிறது. அதைத் துப்புரவாக்க வருபவை பெருந்தின்குழியங்கள். கிருமிகளை விழுங்குபவையும் இவைதான். ஆனால் விழுங்குவதில் இவற்றுக்கு அளவு தெரியாது. வெளியே தள்ளப்படாத கொழுப்பு துளித்துளியாய்ச் சேர, நுரைபோல் ஊதி அங்கேயே தங்கிவிடுகின்றன. மாரடைப்பைக் கொண்டுவரும் கொழுப்புப் படிவு தொடங்கும் இடம் இது.

வெளியேற ஒரு வாசலும் உண்டு. ஏபிசிஏ1 என்ற புரதம் கொலஸ்திரோலைக் குழியத்துக்கு வெளியே கடத்திவிட, எச்டிஎல் என்ற துணிக்கை அதை ஏற்றிக்கொண்டு ஈரலுக்குப் போகிறது. இந்தப் புரதத்தின் மரபணு பழுதாய்ப் பிறந்த சிலருக்குத் தொண்டையின் டொன்சில்கள்கூடக் கொழுப்பேறிச் செம்மஞ்சளாகிவிடும். அந்த வாசல் எவ்வளவு முக்கியம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

நிறமி செய்யும் வேலை

2012இல் சீன ஆய்வாளர்கள் எலிகளில் கண்டது எனக்கு இன்றும் வியப்பு. அந்தோசயனினைக் குடலின் பக்டீரியாக்கள் உடைக்கின்றன. அப்படிக் கிடைக்கும் புரோட்டோகெட்டெகுயிக் அமிலம், வாசலை அடைத்து வைத்திருக்கும் ஒரு நுண் ஆர்என்ஏயைக் குறைக்கிறது. குழியத்திலிருந்து கொலஸ்திரோல் வெளியேறுகிறது. வேலையில் பாதி நம் குடலில் வாழும் பக்டீரியாக்களுடையது!

மனிதரிலும் பார்த்திருக்கிறார்கள். 2009இல் வெளியான ஆய்வில், கொழுப்பு அளவு சீரில்லாத 120 பேரில் ஒரு பாதியினர் 12 வாரம் தினமும் 320 மில்லிகிராம் அந்தோசயனின் எடுத்தார்கள். குழியங்களிலிருந்து கொலஸ்திரோலை இழுக்கும் திறன் அவர்களின் குருதியில் 20 வீதம் கூடியது. போலி மாத்திரை எடுத்தவர்களிடம் மாற்றமே இல்லை என்று சொல்லலாம்.

நம் அடுப்படியில்

அந்த 320 மில்லிகிராம் ஒரு கை சம்பலில் கிடைக்காது. இருந்தாலும் வெங்காயத்தின் வெளி அடுக்குகளில்தான் நிறமி கூட. காய்ந்த சருகை மட்டும் நீக்குங்கள். சம்பலில் உப்பைக் குறையுங்கள்.

தேத்தண்ணியின் செந்நிறமும் தாவர நிறமிதான். ஆனால் சாப்பிட்ட கையோடு குடித்தால் உணவின் இரும்புச்சத்து உடம்பில் சேர்வது குறையும். குருதிச்சோகை உள்ள பெண்கள் ஒரு மணித்தியாலம் பொறுத்துக் குடிப்பது நல்லது.

கொலஸ்திரோலைக் குறைக்கக் கிளினிக்கில் தந்த ஸ்டாட்டின் குளிசையை, வெங்காயமும் பழமும் சாப்பிடுகிறோமே என்று நிறுத்திவிடாதீர்கள். குளிசை ஒத்துவரவில்லை என்றால், அடுத்த கிளினிக் நாள்வரை காத்திராமல் டொக்டரிடம் போய்ச் சொல்லுங்கள்.